கல்லாதலும் எச்சமாதலும்

புதுச்சேரிக்கு வடமேற்கே, விழுப்புரம் மாவட்டத்தில், சங்கராபரணி ஆற்றின் கரையில் திருவக்கரை என்னும் சிற்றூர் இருக்கிறது. திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற தலம். சந்திரமௌலீசுவரர் கோயிலும் வக்கிரகாளியின் சந்நிதியும் அவ்வூருக்குப் பெயர் தந்தவை. கோயிலிலிருந்து சிறிது தொலைவில், செம்மண் மேட்டில், மரங்கள் கிடக்கின்றன. வெட்டிப் போட்டு நாளாகி வெயிலில் உலர்ந்தவை போன்ற அடிமரங்கள். 3 மீட்டர் முதல் 15 மீட்டர் வரை நீளமுள்ளவை. ஆண்டு வளையங்கள் தெரிகின்றன, கணுக்கள் தெரிகின்றன, பூச்சி துளைத்தாற்போன்ற ஓட்டைகளும் தெரிகின்றன. தட்டிப் பார்த்தால் கல்லின் ஓசை எழும்.

ஊரார் இவற்றைக் கல்மரம் என்பர். கலைச்சொல்லாக்கக் குழு எதுவும் கூடி முடிவு செய்த சொல்லன்று அது. கண்டதைக் கண்டவாறே பெயரிட்டவர் படைத்த சொல். இன்றுவரை அதனினும் நல்ல சொல்லை எவரும் ஆக்கித் தரவில்லை. பாடநூல்கள் புதைபடிவம் என்றும், தொல்லுயிர் எச்சம் என்றும் எழுதுகின்றன. மேலைநாட்டார் பாசில் என வழங்கும் சொல், தோண்டுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்தது. நிலத்தைத் தோண்டி எடுக்கப்பட்டது எதுவோ அது பாசில். 1546-இல் அகிரிகோலா இத்தலைப்பில் நூல் எழுதியபோது உலோகத் தாதுவும் உப்பும் மணிக்கல்லும் சிப்பியும் அச்சொல்லில் ஒருங்கே அடங்கின. தமிழ்ச்சொல் மறுதலையாக நிற்கிறது. தோண்டியவன் செயலை விடுத்துப் புதைந்த பொருளின் நிலையை அது சுட்டுகிறது. எச்சம் என்னும் மூன்றாவது சொல்லோ இவ்விரண்டிலும் ஆழமானது. அதனைப் பின்னர்க் காணலாம்.

மரம் கல்லாவது எங்ஙனம்? இறந்த மரம் மண்மேல் கிடந்தால் கறையானும் காளானும் காற்றும் சில ஆண்டுகளில் அதனை இல்லாமல் ஆக்கிவிடும். இயற்கையின் பொது விதி அதுவே. கல்லாதல் அவ்விதிக்கு விலக்கு. வெள்ளம் மரத்தை அடித்துக்கொண்டு வந்து, அது மட்குவதற்குள் மணலாலும் சேற்றாலும் மூடிவிட வேண்டும். காற்றுப் புகாத அவ்விருளில் மணற்சத்தாகிய சிலிக்கா கரைந்த நீர் மரத்தின் நுண்ணறைகளுள் ஊறிப் புகுகிறது. ஒவ்வோர் அறையாக, அறையின் சுவரே அச்சாக, மரப்பொருள் நீங்க நீங்கக் கற்பொருள் அமர்கிறது. இறுதியில் மரத்தின் வடிவம் முழுதும் இருக்கும். மரம் பெரும்பாலும் இராது. திருவக்கரை மரங்களில் கிளையும் இலையும் வேரும் காணப்படாமையும், அவை கிடையாகவே கிடத்தலும், அவை அங்கு முளைத்தவை அல்ல என்பதைக் காட்டும் சான்றுகள். வேறெங்கோ வளர்ந்து, பெருவெள்ளத்தில் உருண்டு, கடலூர் மணற்கல் என நிலவியலார் குறிக்கும் படிவில் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் அடங்கியவை அவை.

வடிவம் நிற்கப் பொருள் மாறும் இவ்வினை அதே ஊரில் வேறொரு வகையிலும் நிகழ்ந்திருக்கிறது. கண்டராதித்தரின் தேவியார் செம்பியன் மாதேவியார் 10-ஆம் நூற்றாண்டில் செங்கல் தளிகள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றியவர். திருவக்கரையும் அவர் திருப்பணி பெற்ற தலங்களுள் ஒன்று. செங்கல் சென்றது, கல் வந்தது, கோயில் இருந்தது. சம்பந்தர் பாடிய கோயிலும் இன்று வழிபடப்பெறும் கோயிலும் ஒன்றே எனச் சொல்வதில் எவர்க்கும் தயக்கமில்லை. கல்மரத்தை மரம் எனச் சொல்வதும் அத்தகைய தயக்கமின்மையே.

இக்கல்மரங்களுக்கு அறிவியல் வருமுன்னரே ஒரு விளக்கம் இருந்தது. திருமால் அசுரரை அழித்தபோது சிதறிய எலும்புகளே இவை என்பது தலத்து வழக்கு. இதனைக் கேட்டு நகைப்பவர், ஐரோப்பா இதே காலத்தில் எங்கு நின்றதென எண்ணிப் பார்க்க வேண்டும். மால்டா தீவின் பாறைகளில் கிடைத்த சுறாவின் பற்களைக் கல்லாகிய நாக்குகள் என நம்பி மருந்துக்கு வைத்திருந்தனர். 1666-இல் ஸ்டெனோ என்னும் டேனிய மருத்துவர் சுறாவின் தலையை அறுத்துப் பார்த்த பின்னரே அவை பற்கள் என்பது நிலைபெறத் தொடங்கிற்று. ஒருகாலத்து உயிரினம் முற்றாக அற்றுப் போகக்கூடும் என்னும் கருத்தைக் குவியே 1796-இல் யானை எலும்புகளைக் கொண்டு நிறுவினார். அசுர எலும்பு என்ற தலபுராணக் கூற்றில் ஒரு பாதி உண்மையும் உண்டு: இக்கல் ஒருகாலத்து உயிருடலே, இன்று அவ்வினம் இங்கு இல்லை. மரமா, எலும்பா என்பதில்தான் பிழை. அப்பிழையும் எளிய பிழையன்று என்பதைக் கல்லமேட்டுச் செய்தி காட்டும்.

பிரெஞ்சு இயற்கையியலாளர் சோனெரா 1781-ஆம் ஆண்டளவில் திருவக்கரை மரங்களைக் குறித்தார். அதன் பின், சென்னை மாகாணத்தில் பணியாற்றிய கே, கன்லிஃப் என்னும் இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் திரட்டிய சிப்பிகளும் சுருள் ஓடுகளும் இலண்டனுக்குச் சென்றன. அவற்றை எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846-இல் விளக்கி எழுதினார். விருத்தாசலத்தின் பழந்தமிழ்ப் பெயர் முதுகுன்றம் என்பதை அவர் அறிந்திருக்க மாட்டார். 1860-களில் பிளான்ஃபோர்டு அப்பகுதிப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று படிவுகளாக வகுத்தார். மொராவியாவில் பிறந்த ஸ்டோலிச்கா, இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்து, தென்னிந்தியக் கிரிடேசியஸ் உயிர்கள் பற்றிய பெருந்தொகுதிகளை 1873 வரை எழுதி முடித்தார். மறு ஆண்டே லடாக்கின் உயர்மலையில் 36-ஆம் அகவையில் மாண்டார். இவர்கள் எழுத்தால் ஊட்டத்தூர் என்னும் சோழநாட்டுச் சிற்றூர், உடாட்டூரிசெராஸ் என ஓர் அம்மோனைட் இனத்தின் பெயருள் புகுந்து, அவ்வூரை வரைபடத்தில் காட்டத் தெரியாத அறிஞர் நாவிலும் வழங்குகிறது. ஊர்ப்பெயரும் ஒரு வகையில் கல்லாயிற்று.

இவற்றுள் தலையாயது இன்றைய பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 1940-இல் நிலவியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த கல்மரம். 18 மீட்டருக்கும் மிகுந்த நீளம். ஊசியிலை மர வகை. 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டதென்பர். திருவக்கரை மரங்கள் ஆற்று மணலில் அடங்கியவை; சாத்தனூர் மரமோ கடலில் மூழ்கியது. அன்று கிழக்குக் கடல் உள்நாட்டில் வெகுதொலைவு பரந்து கிடந்தது. ஆறு கொண்டுவந்து விட்ட மரம் கடலடிச் சேற்றில் அமிழ்ந்து, சிப்பிகளோடு சிப்பியாய்க் கல்லாகிக் கிடந்தது. கடல் போயிற்று. இன்று அங்கே கடலை நினைவூட்ட நெய்தல் நிலத்து உரிப்பொருள் ஒன்றும் இல்லை. மானாவாரிப் பயிரும் முள்மரங்களும்தாம். முதல், கரு, உரி என நிலத்தைப் பகுத்த தமிழ்ப் பொருளிலக்கணத்தில், முதற்பொருளே மாறிவிடும் இந்நிலைக்கு இடம் வைக்கப்படவில்லை. முல்லையும் குறிஞ்சியும் திரிந்து பாலையாதலைப் பேசிய சிலப்பதிகாரத்துக்கும், நெய்தல் திரிந்து கரிசலாவது தெரிந்திருக்க வழியில்லை.

கல்லமேடு அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுப் பழமையுடைய அதன் பாறையிலிருந்து மிகப்பெரிய எலும்புகள் சில வெளிப்பட்டன. கணைக்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம். 1987-இல் யாதகிரி, அய்யாசாமி என்னும் நிலவியலார் இருவர் அதனைப் புதிய டைனோசராக அறிவித்தனர். பேருடல் என்னும் பொருளுடைய வடசொல்லைக் கிரேக்கச் சொல்லோடு புணர்த்துப் பிருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டனர். உலகில் நடமாடிய மிகப்பெரிய விலங்குகளுள் ஒன்றாக இருக்கலாம் என்ற கருத்து எழுந்தது. அவை எலும்பே அல்ல, கல்மரத் துண்டுகள் என ஐயுற்றவரும் உண்டு. அசுர எலும்போ மரமோ என்னும் திருவக்கரை வினா, அரியலூரில் திசைமாறி மறுபடியும் எழுந்தது. விடை காண எலும்பைப் பார்த்தால் போதும். ஆனால் எலும்பு இல்லை. மண்ணுள் 7 கோடி ஆண்டு நின்றது, வெளியே வந்தபின் சிதைந்து பொடியாயிற்று. எஞ்சியவை ஓவியங்கள், அளவைக் குறிப்புகள், சில ஒளிப்படங்கள். 2022-இல் அவ்வொளிப்படங்களை முன்வைத்து, அவை எலும்புகளே என வலியுறுத்தும் கட்டுரையொன்று வெளிவந்தது.

புதைபடிவம் என்றாலே அழியாதது எனக் கருதுவோர்க்கு இச்செய்தி போதும். புதைந்திருக்கும்வரை அதற்குக் காப்பு உண்டு. வெளிப்பட்ட நாள் தொட்டு அதற்கு மழையும் வெயிலும் மனிதரும் பகை. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் பெரும்பகுதி பழங்கடல் உயிர்களின் ஓடுகளால் ஆயது. அதே கல்லே சிமென்ட் ஆலைகளின் மூலப்பொருள். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளின் சுவரிலும் தளத்திலும் அக்கடல் பொடியாகக் கலந்திருக்கிறது. ஆலையைப் பழிப்பதால் பயனில்லை; வீடு எவர்க்கும் வேண்டும். பொடியாகுமுன் படித்துவிட வேண்டும் என்பதொன்றே அறிஞர் கேட்பது. மக்களுக்கோ படிக்கும் ஆவல் குறைவன்று. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்து ஏரியில் மண் எடுத்தபோது உருண்டைக் கற்கள் பல வெளிப்பட்டன. டைனோசர் முட்டைகள் என்று செய்தி பரவிற்று, கூட்டம் கூடிற்று. வல்லுநர் வந்து பார்த்து, அம்மோனைட்டுகளைச் சுற்றித் திரண்ட படிவுகள் அவை என்றனர். கல்லில் பேருடலைக் காணும் வேட்கை அசுரன் காலத்திலிருந்து மாறவில்லை என்றே தோன்றுகிறது.

அந்த அம்மோனைட்டுக்கு இந்நாட்டில் வேறொரு வாழ்வும் உண்டு. நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமம் அவ்வகைச் சுருள் ஓட்டின் கல்வடிவமே. அச்சுருளில் சக்கரத்தைக் கண்டனர் அடியார். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் சாளக்கிராமத்தைப் பாடியிருக்கின்றனர். அது கடலுயிரின் ஓடு என அறிந்த பின்னும் பூசையறையில் அதன் இடம் மாறவில்லை.

இனி, சொல்லின் உருவகப் பயனைக் காணலாம். பாசில் என்னும் சொல், நிலவியல் வளர்ந்த 19-ஆம் நூற்றாண்டிலேயே பாறையை விட்டு மக்கள்மேல் ஏறிற்று. பழைய கருத்தை விடாதவரை, புதியதை ஏலாதவரை அவ்வாறு இகழ்ந்தனர். தமிழிலும் அவ்விகழ்ச்சி வந்து சேர்ந்துவிட்டது. மரபுக்கவிதை எழுதுபவரைப் புதுக்கவிதைக் குழுவினரும், பழைய புதுக்கவிதையாளரை அவர்க்குப் பின்வந்தோரும் புதைபடிவம் என ஏசிய மேடைகள் உண்டு. ஏசினவர் நிலவியல் படித்திருக்கவில்லை. மாறாமல் இருப்பதே புதைபடிவம் என அவர் கொண்டனர். உண்மையில் உலகில் அதைவிட முற்றாக மாறிய பொருள் வேறில்லை. தன் பொருளில் ஓர் அணுவும் விடாது மாற்றிக்கொண்டு வடிவை மட்டும் காத்தது அது. மாறாதவரை இகழ வேண்டுமாயின் வேறு சொல்லைத் தேடிக்கொள்ளல் நலம்.

இகழ்ச்சிக்கு முன்னரே அச்சொல்லுக்கு ஓர் உயர்ந்த உருவகப் பயன் வாய்த்திருந்தது. அமெரிக்கச் சிந்தனையாளர் எமர்சன் 1844-இல் கவிஞனைப் பற்றி எழுதிய கட்டுரையில், மொழி முழுவதுமே கல்லாகிப் போன கவிதை என்னும் கருத்தை முன்வைத்தார். நுண்ணுயிர்களின் ஓடுகளால் சுண்ணாம்புப் பாறை ஆனாற்போல, மறந்துபோன உவமைகளால் மொழி ஆயிற்று என்பது அவர் கொள்கை. அரியலூர்ப் பாறையை அவர் கண்டாரல்லர். ஆயினும் அதற்கு இதனினும் பொருந்திய உரையில்லை. 1851-இல் டிரெஞ்சு என்னும் ஆங்கிலச் சமயச் சான்றோர் இக்கருத்தை விரித்து, சொல்லுள் கவிதை மட்டுமன்றி வரலாறும் ஒழுக்கமும் கல்லாகிக் கிடக்கின்றன என்று நூல் எழுதினார்.

தமிழில் இதனை ஆராய வெகுதூரம் போக வேண்டியதில்லை, நாட்காட்டியே போதும். ஞாயிற்றுக்கிழமை என்னும் ஒரு சொல்லில் இரு புதைபடிவங்கள் உள. ஞாயிறு என்பது கதிரவனின் பெயர். இன்று பேச்சில் சூரியன் எழுகிறதேயன்றி ஞாயிறு எழுவதில்லை. அது வாரத்தின் ஒரு நாளுள் அடங்கிக் கிடக்கிறது. கிழமை என்பது உரிமை. இலக்கணத்தார் ஆறாம் வேற்றுமையின் பொருளைக் கிழமை என்றதும், தொல்காப்பியர் அகப்பொருட் தலைமக்களைக் கிழவன், கிழத்தி என்றதும் இப்பொருளிலேயே. ஊருக்கு உரியவர் கிழார். கோவூர் கிழார் முதுமையால் அப்பெயர் பெற்றவரல்லர். இன்று கிழமை நாளாயிற்று, கிழவன் முதியவன் ஆனான். கதிரவனுக்கு உரிய நாள் என்னும் முழுத்தொடர் ஒவ்வொரு வாரமும் நாவில் வருகிறது. உள்ளே சூரியனும் இல்லை, உரிமையும் இல்லை. திருவக்கரை மரம் போல, வளையம் தெரிகிறது, மரம் இல்லை.

கவிஞர் நாளும் கையாளும் சொல்லொன்றும் இவ்வகையது. யாத்தல் என்றால் கட்டுதல். யாப்பு, சொற்களைக் கட்டுவது; யாக்கை, எலும்பும் தசையும் நரம்பும் கொண்டு கட்டப்பட்டது. விறகை யாத்தான், மாட்டை யாத்தான் என இன்று எவரும் சொல்வதில்லை. வினை இறந்துவிட்டது, அது கட்டிய இரு முடிச்சுகள் மட்டும் இருக்கின்றன. யாப்பை மீறுவோம் என்று முழங்குபவரும், யாப்பைக் காப்போம் என்று முழங்குபவரும், அச்சொல்லுள் ஒரு கயிறு கிடப்பதை எண்ணுவதில்லை. ஆர்தல் என்னும் வினைக்கும் இதே நிலை. நிறைதல் என்னும் பொருளில் அது தனித்து வழங்குவதில்லை. கண்ணார, மனமார, வாயார என்னும் சிலவற்றில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மிகுதிப் பொருளில் நன்னூல் தரும் உரிச்சொற்களுள் சால என்பதும் ஒன்று. தமிழில் அது சாலச் சிறந்தது என்னும் தொடரில் விழாமேடைக்கு மட்டும் வரும். எல்லையைக் கடந்து தெலுங்கு நாட்டில் கால் வைத்தால், காய்கறிக் கடையிலும் பேருந்திலும் குழந்தை வாயிலும் சாலா என்று அது ஓடியாடுகிறது. ஒரே சொல், ஓரிடத்தில் கல், ஓரிடத்தில் தளிர். உரிச்சொற்களைத் தொகுக்கும்போது, வெளிப்படையாகப் பொருள் விளங்குவனவற்றை விடுத்து, விளங்காதனவற்றையே விளக்கப் போவதாகத் தொல்காப்பியர் நெறி வகுத்துக்கொண்டார். அவர் காலத்திலேயே தமிழில் தூசி தட்டிக் காட்ட வேண்டிய சொற்கள் இருந்தன என்பதும், அவற்றை வரிசைப்படுத்தி வைக்க ஓர் இயல் வேண்டியிருந்தது என்பதும் இதனால் பெறப்படும். உரியியலைத் தமிழின் முதல் அருங்காட்சியகம் எனலாம்.

இங்கே உருவகம் ஒருபுறம் உடைகிறது. சாத்தனூர் மரம் எத்தனை மழை பெய்தாலும் துளிர்க்காது. சொல் துளிர்க்கும். குறளில் அமைச்சு என ஓர் அதிகாரமே இருந்தும், 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி இதழ்களில் மந்திரிதான் ஆண்டார். இன்று அமைச்சரே ஆள்கிறார். மந்திரி பேச்சு வழக்கில் ஒதுங்கிக்கொண்டார். அவை என்னும் பழஞ்சொல் சட்டப்பேரவையாய், மக்களவையாய் நாள்தோறும் செய்தியில் கூடுகிறது. இச்சொற்களை மண்ணிலிருந்து எடுத்தோர் அவற்றைக் கண்ணாடிப் பேழையில் வைக்கவில்லை, வேலைக்கு அனுப்பினர். தனித்தமிழ் இயக்கத்தின் மிகைகளை எடுத்துக்காட்டுவோர் பலர், காட்டட்டும். இறந்ததெனக் கருதிய சொல் மூச்சுவிடும் என்பதை மெய்ப்பித்த பணி அது என்பதையும் உடன் சொல்லுதல் நடுவுநிலை. டார்வின் 1859-இல் வாழும் புதைபடிவம் என்னும் தொடரை ஆண்டார். பழைய வடிவோடு இன்றும் உயிர்வாழும் சில விலங்குகளை அது குறித்தது. தமிழைப் புகழ்வோர் சிலர் அத்தொடரைத் தமிழுக்குச் சூட்டுகின்றனர். அப்புகழ்ச்சி தமிழுக்குப் பொருந்தாது. கண், கல், மரம், நீர் என்னும் சங்கச் சொற்கள் இன்றும் வழங்குதல் அவை மாறாது நின்றமையாலன்று. தலைமுறைதோறும் குழந்தைகள் அவற்றைப் புதிதாகக் கற்று, புதிய வாக்கியங்களில் இட்டுப் பேசியமையால்.

கல் உயிர்பெறும் என்னும் எண்ணத்தை இலக்கியம் அகலிகை கதையாகக் கண்டது. வான்மீகியில் அவள் எவர் கண்ணுக்கும் தோன்றாமல் சாம்பலில் கிடந்து நோற்கிறாள், கல்லாவதில்லை. தமிழில் பரிபாடலே அவளது கல்லுருவைக் குறித்துவிட்டது. திருப்பரங்குன்றத்து ஓவியங்களைக் காண வந்தோர்க்கு அக்காட்சி சுட்டிக்காட்டப்படுகிறது. கம்பர் அதனை நிலைநாட்டி, இராமனின் அடித்தூள் பட்டு அவளை எழச் செய்தார். கல்லாதலை அவர் தண்டனையாகக் கண்டார், எழுதலை அருளாக. புதுமைப்பித்தன் 1943-இல் சாபவிமோசனம் எழுதியபோது அந்த வரிசை தலைகீழாயிற்று. சீதை தீக்குளிக்க நேர்ந்ததைக் கேட்ட அகலிகை மீண்டும் கல்லாகிறாள். இம்முறை எவரும் சபிக்கவில்லை. உலகம் இன்ன தன்மையது என அறிந்தபின் உயிராய் இருத்தல் இயலாமையால் அவள் கல்லுக்குள் செல்கிறாள். கல்லாதலின் உருவகப் பொருள்களுள் தமிழ் உலகுக்குத் தந்தது இதுவாகலாம்: கல், ஒருத்தியின் மறுமொழி.

தொல்லுயிர் எச்சம் என்னும் சொல்லுக்கு இனி வரலாம். எச்சம் என்பதற்குத் தமிழில் பொருள் பல. ஒருவன் விட்டுச்சென்ற மக்கள் எச்சம். விட்டுச்சென்ற புகழ் எச்சம். குறளில் அச்சொல் வருமிடத்து உரையாசிரியர் ஒருவர் மக்கள் என்பார், மற்றொருவர் புகழ் என்பார். இலக்கணத்திலோ முடியாது நிற்கும் சொல் எச்சம். வந்து என்றால், வந்து என்ன செய்தான் என்னும் வினா எழும். முடிக்கும் சொல்லை அது எதிர்நோக்கி நிற்கும். கல்லாகிப்போன பல் ஒன்று, சுறாவை அறிந்த ஸ்டெனோவின் கை வரும்வரை எச்சமாகவே நின்றது. இச்சொல்லைத் தேர்ந்தவர் இலக்கணத்தை எண்ணித் தேர்ந்தாரோ இல்லையோ, பொருத்தம் வியக்கத்தக்கது.

தமிழ் நூல்களுள் இவ்வெச்சத் தன்மை எங்கும் பரந்து கிடக்கிறது. பனையோலை கல்லாகாது. அது நெடுங்காலம் நில்லாமல் செல்லரித்துப் போவது. பார்த்துப் பெயர்த்தெழுதும் கையொன்று காலத்தில் வந்தாலன்றி நூல் நில்லாது. அக்கை வாராத இடங்களில் வெற்றிடம் விழுந்தது. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. உ. வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது 267, 268 ஆகிய பாடல்கள் கிடைக்கவில்லை. எண்களை அவர் மூடிவிடவில்லை. அடுத்த பாடலை 267 என்று எண்ணியிருந்தால் இழப்பே தெரிந்திராது. பாறையில் சிப்பி கரைந்து போனபின் சிப்பியின் வடிவில் ஒரு குழிவு நிற்பதுண்டு. அதனை நிலவியலார் அச்சு என்பர். 267, 268 அத்தகைய அச்சுகள். அங்கே இரு பாடல்கள் இருந்தன என்பது தெரியும்; பாடியவர் யாவர், பாடப்பட்டவர் யாவர் என்பது தெரியாது. குண்டலகேசியும் வளையாபதியும் பிறர் மேற்கோளாக எடுத்த பாடல்களால் மட்டும் அறியப்படுவன. ஓர் எலும்பிலிருந்து விலங்கை மீட்டமைக்கலாம் என்றார் குவியே. ஒரு பாடலிலிருந்து காப்பியத்தை மீட்க எவராலும் இயலவில்லை.

பாடல் போய்ப் பெயர் நின்றதுண்டு. பெயர் போய்ப் பாடல் நின்றதும் உண்டு. சங்கத் தொகைகளைத் தொகுத்தோர், புலவர் பெயர் அறியாத இடங்களில், அப்பாடலில் வரும் அருந்தொடரையே எடுத்துப் புலவர்க்குப் பெயராக இட்டனர். செம்புலப்பெயனீரார், மீனெறி தூண்டிலார், ஓரேருழவனார், அணிலாடு முன்றிலார் என்போர் அவ்வாறு பெயர் பெற்றோர். இவர்தம் தாய் தந்தையர் இட்ட பெயரை எவரும் அறியார். எவ்வூரினர், எத்தொழிலினர், ஆணா பெண்ணா என்பதும் தெரிந்திலது. ஒற்றை ஏர் உடைய உழவன், விசைத்தெழும் தூண்டில், அணில் விளையாடும் ஆளற்ற முற்றம் என்னும் உவமைகள் மனிதர் இருந்த இடத்தில் அமர்ந்துகொண்டன. மரத்தின் ஒவ்வோர் அறையிலும் சிலிக்கா அமர்ந்ததைப் போன்றதே இதுவும். ஆள் நீங்கியது, உவமை அமர்ந்தது, புலவர் இருக்கிறார்.

அவருள் ஒருவர் தேய்புரிப்பழங்கயிற்றினார். பொருள் தேடப் பிரிந்தவன், மீள்க என்னும் நெஞ்சுக்கும் செய்வினை முடிக்க என்னும் அறிவுக்கும் இடையே நைவதை அவர் பாடினார்; இரு யானைகள் இருபுறமும் பற்றி இழுக்கும் புரிதேய்ந்த பழங்கயிறுபோல் தன் உடம்பு அழியுமோ என்கிறான் அவன். கட்டப்பட்டது என்னும் பொருளில் உடம்பை யாக்கை என்ற மொழியில், உடம்பைக் கயிறாகக் கண்ட பாட்டு அது. பாடியவர் யார் என்பது தொகுத்தோர்க்கே தெரிந்திருக்கவில்லை. ஏடுகளிலிருந்து அப்பாட்டை எடுத்து, பின்னத்தூர் நாராயணசாமி ஐயரின் உரையோடு 1915-இல் நற்றிணை அச்சேறியபோது, 284-ஆம் எண்ணில் அக்கயிறு அறாமல் கிடந்தது.